சூட்டில் மறையும் வெள்ளைக் கோடு

நவம்பர் 23, ஞாயிறு

நீலகிரியில் எமரால்டிலிருந்து பை வந்துவிட்டது. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யோகேஸ்வரியின் அம்மா பார்சலில் போட்டு அனுப்பியிருந்தார். எல்லாம் அவளுடைய சுடிதார்கள். கறுப்பு, கருநீலம், காப்பிக்கொட்டை நிறம், பாட்டில் பச்சை. வெளிர் நிறத்தில் ஒன்றுகூட இல்லை. ஹாஸ்டலில் அவளைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எஸ்டேட்டில் வருஷம் பூராவும் சேறு, வெள்ளை போட்டால் யார் துவைப்பது என்பாள். அவர்கள் காக்கா என்றால் இவள் பதிலுக்குக் கரைந்து காட்டுவாள். என்னை யாராவது கேலி செய்தால் நான் அன்று முழுக்கத் தலை நிமிர மாட்டேன்.

ஜனவரி பதினொன்றோடு அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த காய்ச்சல். அன்றைக்கு அவளைக் கன்னியாக வைத்துக் கும்பிடப் போகிறார்கள். கல்யாணமாகாமல் போன பெண்ணுக்குத் துணி வைத்துப் படைப்பது எங்கள் பக்கமும் உள்ள வழக்கம்தான். கடையில் பாவாடை எடுத்து வைக்க அவள் அம்மாவுக்கு மனசு வரவில்லையாம். அவள் போட்ட துணிகளையே ஒட்டுப் போட்டு ஒரு போர்வையாகத் தைத்துத் தா என்று போனில் கேட்டார். கல்லூரியில் கைத்தொழில் வகுப்பில் நான் தைத்த போர்வையை யோகாதான் எடுத்துப்போயிருந்தாள். அதை வைத்துத்தான் கேட்டிருக்கிறார். "குளிருன்னா ரொம்பப் பயப்படுவா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பையைத் திறந்ததும் நீலகிரித் தைல வாசனை. அவள் நெற்றியிலும் தலையணையிலும் எப்போதும் இருக்கும் அதே வாசனை. உடனே மூடிவிட்டேன்.

துவைக்கக் கூடாது.

நவம்பர் 24, திங்கள்

துணிகளை வெட்டுவதற்கு முன் போர்வையின் மேலே ஓடும் தையலை முடிவு செய்ய வேண்டும். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி, இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது அந்தத் தையல்தான். யோகா அனுப்பிய ஒரு படம் என் போனில் இருக்கிறது. அவள் வீட்டுப் பின்பக்கச் சரிவு. தேயிலைச் செடிகள் வரிவரியாக வளைந்து இறங்கும். அந்த வரிகளையே தைக்கப் போகிறேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தவள், நேர்கோடாகத் தைத்தால் என்ன, டேப்பை ஒட்டி அதன் ஓரமாகவே தைத்துவிட்டுப் பிய்த்து எடுத்துவிடலாமே என்றாள். வளைவுக்கு டேப் ஒட்டாது. வளைவுக்குக் கோடு வரைந்துதான் ஆக வேண்டும்.

"கோடு போட்டுப் பழகவாட்டி ஒன்னய பி.எஸ்ஸி. படிக்க வச்சோம்?" என்றாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். குரூப் ஃபோர் புத்தகம் பிரிக்காமல் கிடக்கிறது.

நவம்பர் 26, புதன்

டெய்லர் சாக் உதவாது. கறுப்பில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஒரு வளைவு தைத்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு உதிர்ந்துபோகிறது. கையால் தைக்கிற வேலை. ஒரு கோடு பல நாள் நிற்க வேண்டும். நின்றுவிட்டு, பிறகு போய்விடவும் வேண்டும்.

நவம்பர் 27, வியாழன்

ஜெபராஜ் அண்ணன் கடைக்குப் போனேன். பஜாரில் கோட்டு தைக்கிறவர் அவர் ஒருவர்தான். கடையில் ஆள் இருந்ததால் வெளியிலேயே நின்றேன். அவர்கள் போனதும் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கடைசியில் அவரே எட்டிப்பார்த்து, யாரம்மா, நூல் வேணுமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி எனக்குத் தேவையே இல்லாத ஒரு வெள்ளை நூல்கண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பெயர் பேச்சியம்மாள். யோகா இதை வைத்து மூன்று வருஷம் சிரித்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

மறுபடி போனேன். கேட்டேன். குளித்துத் தேய்ந்த சோப்புச் சில்லைக் காயவைத்து அதன் விளிம்பால் வரைய வேண்டுமாம். கோட்டுத்துணிக்கு அவரும் அதுதான். "வெள்ளையா விழும், உதிராது. தண்ணியில முக்குனா ஓடிப்போகும்" என்றார்.

தண்ணீரில் முக்கக் கூடாது என்றேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். துவைக்காத போர்வையை யாரம்மா போத்துவா என்று கேட்டார். 

டிசம்பர் 1, திங்கள்

வெள்ளைப் பென்சில். மெழுகு கலந்தது போலிருக்கிறது. ரப்பர் போட்டால் மங்குகிறது, போகவில்லை. இஸ்திரி போட்டுப் பார்த்தேன். சூட்டில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. கருநீலக் கால்சட்டையின் மடிப்புத்துண்டு ஒன்று வீணாகிவிட்டது. கைக்குட்டை அளவுகூட இல்லை. ஆனாலும் அது அவளுடையது. அந்த அளவு துணி இனி எங்கும் கிடைக்காது.

ஃபேன்ஸி ஸ்டோரில் நீலப் பேனா ஒன்று வைத்திருந்தார்கள். ஈரம் பட்டால் மறையும் என்றார்கள். அதற்கு ஈரம் வேண்டும், அது இருக்கட்டும். கறுப்பின் மேல் நீலம் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

டிசம்பர் 3, புதன்

காகிதத்தில் வளைவுகளை ஊசியால் குத்தி, துணிமேல் விரித்து, மேலே கோலமாவைத் தேய்த்தேன். காகிதத்தை எடுத்தபோது சரிவு அப்படியே புள்ளிபுள்ளியாக இறங்கியிருந்தது. நானே ஆச்சரியப்பட்டேன். உடனே தைக்க ஆரம்பித்தேன். சாப்பிடப் போய்விட்டு வந்தேன். எங்கள் வீட்டில் பச்சரிசி மாவில்தான் கோலம் போடுவோம். எறும்புகள் ஒரு வளைவு முழுவதையும் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தன.

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "தொவைக்கக் கூடாதுன்னு அந்தப் பொம்பளையா சொன்னா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

இதுவரை ஒரு முழு வளைவுகூட இல்லை. கண்ணாலேயே அளந்து ஒன்று தைத்துப் பார்த்தேன். கோணலாகப் போய் அடுத்த வரியில் இடித்தது. பிரித்தேன். பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் தெரிகின்றன. கறுப்புத் துணி எதையும் மறைக்கும் என்று யார் சொன்னது?

சாப்பிடப் பிடிக்கவில்லை. பையை மட்டும் ஒரு தடவை திறந்து மூடினேன். வாசனை இருக்கிறது. முதல் நாள் அளவுக்கு இல்லை. அடிக்கடி திறக்கக் கூடாது.

டிசம்பர் 9, செவ்வாய்

போனில் தேடி வரவழைத்த பேனா நேற்று வந்தது. வெள்ளை மை. எழுதும்போது ஒன்றும் தெரியாது. காய்ந்ததும் மெல்ல வெள்ளையாக எழும்பி வரும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தால் மறைந்துவிடும். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம்.

வெட்டி மிஞ்சிய ஒரு கறுப்புத் துண்டில் எழுதினேன். வெள்ளையாக வந்தது. உதறினேன், கசக்கினேன், ஒரு பகல் முழுக்க உட்காரும் பலகைக்கு அடியில் போட்டு வைத்தேன். அப்படியே இருந்தது. பெட்டியை வைத்து எடுத்தேன். ஒன்றுமே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தடம்கூட இல்லை.

பல நாளைக்குப் பிறகு பசித்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

துண்டுகளை இணைத்து மேல்துணி தயார். பஞ்சு விரித்துச் சட்டத்தில் கட்டிவிட்டேன். இந்தப் பேனாவில் மை அடிக்கடி நின்றுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன். கோட்டை விட எழுத்தில்தான் மை இறங்குகிறதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும்.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை கை நிற்பதில்லை. இன்று கருநீலம் முடிந்தது. பேனாவைச் சோதித்தேன்.

டிசம்பர் 20, சனி

பச்சைத் துண்டு முழுக்கச் சோதித்தேன். மை நன்றாக இறங்குகிறது.

டிசம்பர் 22, திங்கள்

யோகாவால் பருவத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குப் போக முடியும். நான் சனிக்கிழமை பஸ் ஏறி ஞாயிறு சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுவேன். கதவைத் திறந்தால் கட்டிலில் குப்புறப் படுத்திருப்பாள். தலையைத் தூக்கமாட்டாள். "வந்துட்டியா" என்பாள். அவ்வளவுதான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவேன்.

கடைசித் துண்டு, கறுப்பு. இதையும் சோதித்தாயிற்று.

ஜனவரி 2, வெள்ளி

போர்வை முடிந்தது. ஓரப்பட்டி வைத்து, முழுவதும் இஸ்திரி போட்டேன். வெள்ளை எல்லாம் பெட்டிக்கு முன்னால் ஓடி மறைந்தது. கோடும் இல்லை, வேறு எதுவும் இல்லை. தேயிலைச் சரிவு மட்டும் நூலில் நிற்கிறது. அம்மா தடவிப் பார்த்து, நல்லாத்தான் தைச்சிருக்க என்றாள். அவள் இப்படிச் சொல்வது அபூர்வம்.

எட்டாம் தேதி பஸ்ஸுக்குச் சொல்லியாயிற்று.

ஜனவரி 4, ஞாயிறு

அடித்துணியில் ஒரு சுருக்கம் தெரிந்தது. நான் பெட்டி போட, அம்மா இழுத்துப் பிடித்தாள். அவள் மணிக்கட்டில் பெட்டி பட்டுவிட்டது. எதிர்வீட்டு அந்தோணியம்மா அக்காவின் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி ஓடிவந்தேன். தட்டோடு உறைந்து கை ஒட்டுகிற ஐஸ். கையில் கிடைத்த துணியில் சுற்றிக் கட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள். "இது என்னட்டி, வெறும் கறுப்புத் துணியால்லா இருந்துச்சு. எழுத்து வருது."

நான் பேனாவை முதன்முதல் சோதித்த துண்டு அது.

"வந்துட்டியான்னு எழுதியிருக்கு. யாரு வரணும்?"

ஐஸைப் பிடுங்கினேன். எரியுது, குடுட்டி என்று கத்தினாள். திருப்பிக் கட்டிவிட்டேன். அவள் மணிக்கட்டின் மேல் அந்த எழுத்து இன்னும் வெள்ளையாகிக்கொண்டே போனது.

ஜனவரி 5, திங்கள்

அக்கா வீட்டு ஃபிரீசரில் இரண்டு துண்டுகளை வைக்கக் கேட்க வேண்டியிருந்தது. என்ன காரணம் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவர் வினோதமாகப் பார்த்தார், ஆனால் வைத்தார்.

ஒன்று, எழுதி இஸ்திரி போட்டது. எடுத்தபோது எல்லாம் திரும்பியிருந்தது. இன்னொன்று, அதேபோல் எழுதி இஸ்திரி போட்டு, பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கசக்கி அலசியது. அதில் எதுவும் வரவில்லை.

ஆக, சூட்டில் மை போகவில்லை. நிறம்தான் போயிருக்கிறது. குளிர் பட்டால் திரும்பி வருகிறது. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது எப்படித் தோன்றும்? இங்கே மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது. போர்வை போகிற ஊரோ, புல் வெள்ளையாக உறைகிற ஊர்.

கோடுகள் வந்தாலும் பரவாயில்லை. கோடு மட்டும் என்றால் நான் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். பேனாவைச் சோதிக்க அத்தனை வரி வேண்டியதில்லை என்பது எனக்கும் தெரியும். அவள் இருந்தபோது அவளிடமே சொல்ல வாய் வராததைத்தான் எழுதியிருக்கிறேன். அதை அவள் அம்மா படிப்பார். அவருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்ததே யோகாதான், பஸ் போர்டுகளைக் காட்டிக் காட்டி. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பார், கடைசிவரை விடமாட்டார் என்று சொல்லிச் சிரிப்பாள். படையலுக்கு வந்த அத்தனை பேர் நடுவிலும் படிப்பார்.

துவைத்தால் எல்லாம் போய்விடும். எல்லாமும்.

ஜனவரி 6, செவ்வாய்

எந்தெந்த இடத்தில் எழுதினேன் என்று நினைத்துப் பார்த்து, ஈரத்துணியால் அங்கே மட்டும் துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கண்ணுக்குத் தெரியாததை எங்கே என்று துடைப்பது? ஐஸ் வைத்து வரவழைக்கலாம். வந்தால் நான் திரும்பப் படித்துவிடுவேன். படித்தால் துடைக்க மாட்டேன்.

உடம்பு சரியில்லை, வர முடியாது என்று சொல்லிவிடலாமா? போர்வையை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா? இந்த வெயிலில் அது ஒருநாளும் பேசாது. அவர் மகளின் துணி அது. கடைசித் துணி.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் என் முடியை ஒதுக்கிவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜனவரி 7, புதன்

காலையில் எமரால்டுக்கு, யோகாவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். வர முடியவில்லை என்று சொல்லத்தான் எடுத்தேன்.  அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். வாசலில் வைத்த தண்ணீர் கண்ணாடியாகிக் கிடக்கிறது, ஸ்வெட்டர் எடுத்துவா என்றார். போர்வை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

"ஒரு அலசு அலசி எடுத்துட்டு வந்துரும்மா" என்றார். "கன்னிக்கு வைக்கிறது. கைபட்ட துணிய அப்படியே வைக்கக் கூடாதில்ல."

துவைத்தால் அவள் வாசனை போய்விடும் என்று சொன்னேன். இத்தனை நாளில் ஒருவரிடமும் சொல்லாததைப் போனில் சொல்லிவிட்டேன். 

"நான் தொவைச்சுத்தானம்மா அனுப்புனேன். ரெண்டு தண்ணி அலசி, வெயில்ல போட்டு. பூச்சி அரிச்சிடக் கூடாதேன்னு பைக்குள்ள நாலு சொட்டுத் தைலம் விட்டேன். அந்த வாசனையா இருக்கும்."

ஆமாம், அதுதான் என்றேன்.

பதினோரு மணி வெயிலில் பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்தேன். சோப்புப் போட்டு நுரைக்க வைத்து, போர்வையை அமுக்கினேன். பஞ்சு தண்ணீர் குடித்து ஆள் எடை கனத்தது. தண்ணீர் கறுத்து வந்தது, பிறகு நீலமாக, பிறகு பச்சை கலந்து. எங்கே எழுதினேன் என்று தெரியாததால் எல்லா இடத்தையும் தேய்த்தேன். கொட்டிவிட்டு மறுபடி சோப்புப் போட்டேன். மறுபடி தேய்த்தேன். இரண்டாம் தடவையே போதும் என்று தெரியும். அம்மா வந்து கையைப் பிடித்து, "போதும்ட்டி, விடு" என்று இழுத்தபோதுதான் நிறுத்தினேன்.

ஐஸ் வைத்துப் பார்க்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

எமரால்டு. போர்வை முழுக்கக் காயாமல் பையில் ஈரமாகவே வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிரே யோகாவின் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். நான் நினைத்ததை விடக் குள்ளம். என் பையை வாங்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

"வந்துட்டியா" என்றார்.

அதே குரல். கடைசி எழுத்தை அதே மாதிரி இழுத்து. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 10, சனி

பகல் முழுக்க மேகம். போர்வை காயவில்லை. படையல் சாமான்கள் வாங்கிவந்தோம். யோகாவுக்குப் பிடித்த பன்னும் உண்டு. சாயங்காலம் போர்வையை உள்ளே எடுத்துவிடலாம் என்று சொன்னேன். கொடியிலேயே கிடக்கட்டும், உள்ளே புகை பிடிக்கும் என்றார்.

எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். நான் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை என்று எழுதத் தெரியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

விடிந்ததும் எழுந்து வெளியே போனேன். வீட்டுக்குப் பின்னால் அந்தச் சரிவு. படத்தில் பார்த்த அதே வரிகள். புல் முழுக்க வெள்ளை. கொடியில் போர்வை தகரம்போல விறைத்துக் கிடந்தது. அதன் மேலெல்லாம் வெள்ளை.

 வந்துவிட்டது என்று நினைத்தேன். பயந்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

கிட்டப் போய்க் கையை வைத்தேன். பனி. என் விரல் பட்ட இடத்தில் உருகி, அடியில் கறுப்புத் தெரிந்தது. இன்னொரு இடத்தில் துடைத்தேன். பச்சை. கையால் முழுவதையும் துடைத்தேன், ஒவ்வொரு துண்டாக, நூல் வளைவுகளின் இடையில், ஓரப்பட்டிக்குப் பக்கத்தில். விரல்கள் மரத்துவிட்டன. குனிந்து, சாய்ந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். கடைசியாக அந்தக் கறுப்புத் துண்டு. அங்கேதான் அதிகம் எழுதியிருந்தேன்.

அவர் காப்பியோடு பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"என்னம்மா தேடுற?"

"ஒண்ணுமில்லம்மா. கோடு போட்டது ஏதும் தெரியுதான்னு."

டம்ளரைத் திட்டில் வைத்துவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். விரலை வைத்து, வரிவரியாக, படிப்பதுபோல மெதுவாகப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே. நல்லாத் தொவைச்சிருக்க" என்றார். "புதுசு மாதிரி இருக்கு."

கொடியிலிருந்து எடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறினோம். பனி பறந்தது. மடித்து அவர் கையில் கொடுத்தேன்.